அலுமாரியில் உறங்கும் ஆராய்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலைநாட்டுப் பாடசாலையொன்றில் எம்மிடம் தமிழ் படித்த மாணவியொருத்தி பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்டு எம்மைக் காண வந்தாள். கட்டிடக்கலை கற்றவள். தோட்டத்து லயத்திலிருந்து அத்துறைக்குச் சென்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் கையில், கறுப்புத் துணியிற் கட்டிப் பொன்னெழுத்துப் பொறித்த தடித்த நூலொன்று இருந்தது. இறுதியாண்டில் அவள் எழுதிய ஆய்வேடு அது. பொருள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. தான் பிறந்து வளர்ந்த காம்பராவையே அடி அடியாக அளந்து படம் வரைந்திருந்தாள்.

"அம்மாவிடம் காட்டினாயா?" என்று கேட்டோம்.

காட்டினாளாம். தாய் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, அடுப்பு இருக்கும் மூலையைப் படத்திற் கண்டுபிடித்து மகிழ்ந்துவிட்டு, "இதுல என்னம்மா எழுதியிருக்கு? நமக்கு வீடு கட்டித் தரச் சொல்லியா?" என்று கேட்டாளாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூலின் சாரத்தைத் தாய்க்கு விளங்கும் தமிழிற் சொல்ல மகளால் முடியவில்லை.

"மூன்று பிரதி கட்டினோம், சேர். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று எனக்கு. நூலகத்தில் இதுவரை எவரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் வெளிநாட்டு மாநாடொன்றிற் காட்டிய படங்களில் நான் வரைந்தவையும் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. கேட்டபோது, 'அது மாணவர் பயிற்சிதானே' என்றார்கள்."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் 'பயிற்சி' என்ற சொல்லைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். மாணவன் செய்யும் ஆராய்ச்சி வெறும் பயிற்சி என்றால், அதை அலுமாரியில் இட்டுப் பூட்டுவது குற்றமாகாது. வெறும் பயிற்சி என்றால், அதிற் பயனுள்ள பகுதியை மூத்தவர் எடுத்தாளுவதும் களவாகாது. ஆக, புதைப்பதற்கும் பறிப்பதற்கும் ஒரே சொல் அனுமதிச் சீட்டாக இருக்கின்றது. அச்சொல் உண்மையைச் சொல்கின்றதா? மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாறும் கட்டிடக்கலையின் வரலாறும் அதற்கு என்ன விடை தருகின்றன? மனிதகுலத்தின் பழம்பகைவனாகிய சயரோகத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

*

பிராக் நகரம், ஆண்டு 1912. அந்நகரின் ஜேர்மன் பல்கலைக்கழகத்து இரசாயன ஆய்வுகூடத்தில், கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வின் போக்கில், யோசப் மல்லி என்பவர் ஹான்ஸ் மேயரோடு சேர்ந்து புதிய சேர்வையொன்றை ஆக்கினார். ஐசோநிக்கொட்டினிக் அமிலத்தின் ஐதரசைட்டு என்பது அதன் பெயர். அதன் இரசாயன இயல்புகளைக் குறித்தார்கள், அச்சிலும் வெளியிட்டார்கள். அதன் பின்னர் அது உறங்கிற்று. ஒரு நாளன்று, ஓராண்டன்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

1951இலும் 1952இலும் ஹொஃப்மன் லா ரோஷ், ஸ்குவிப், பேயர் என்னும் மூன்று மருந்துக் கம்பனிகள், ஒன்றையொன்று அறியாமலே, ஒரு பொருள் சயக்கிருமியை வியத்தகு முறையில் ஒடுக்குவதைக் கண்டன. உரிமைப்பத்திரம் எடுக்க விரைந்தபோதுதான் தெரிந்தது, அப்பொருள் 1912இலேயே ஆக்கப்பட்டுவிட்டதென்று. அதுவே ஐசோனியாசிட். இன்றும் உலகெங்கும் சயரோக சிகிச்சையின் அடித்தள மருந்துகளில் ஒன்று.

அந்த நாற்பது ஆண்டுகளிற் சயரோகத்தால் மாண்டவர்கள் எத்தனை கோடியோ! அவர்களுள் எழுத்துலகத்தோர் இருவரை மட்டும் இங்கு நினைவுகூர்வோம். அதே பிராக் நகரத்து ஜேர்மன் பல்கலைக்கழகத்திற் சட்டக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் பிரான்ஸ் காஃப்கா. அவர் 1924இற் சயரோகத்தால் இறந்தார். தான் படித்த பல்கலைக்கழகத்தின் தாள்களுக்குள்ளேயே தன் நோய்க்கு மருந்து உறங்கிக் கிடந்ததை அறியாமல் இறந்தார். எம்முடைய புதுமைப்பித்தன் 1948இல் அதே நோய்க்கு இரையானார். இன்னும் நான்கு ஆண்டுகள்! தமிழ்ச் சிறுகதையின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

குற்றவாளி யோசப் மல்லி அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் இரசாயன மாணவர். தாம் ஆக்கியது மருந்தென்று அவர் அறியார். நோயாளியின் கட்டிலருகே நின்ற மருத்துவரோ இரசாயன ஆய்வேட்டைப் புரட்டியவரல்லர். ஒரு துறைக்கும் மறு துறைக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவரும், பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டின் கடமை முடிந்தது என்ற மனப்பான்மையுமே குற்றவாளிகள்.

இதில் மற்றோர் உண்மையும் உண்டு. அவ்வாய்வு ஒளித்துவைக்கப்படாமல் அச்சிலே பகிரங்கமாகியிருந்தமையாலேயே, எந்தக் கம்பனியாலும் அப்பொருளைத் தன் தனியுடைமையாக்க முடியவில்லை. மருந்து மலிவாகக் கிடைத்தது. ஏழை நாடுகளின் ஏழை நோயாளிகளும் பிழைத்தார்கள். மாணவனின் ஆராய்ச்சி மக்களின் பொதுச்சொத்தாக இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமா?

*

பறிக்கப்பட்ட கதையை அடுத்துக் காண்போம். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், 1943ஆம் ஆண்டு, அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் ஆய்வு மாணவராக இருந்தார். ஏழைக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மாதம் 40 டொலர் உதவிப்பணம். இராணுவ மருத்துவமனையிற் கடமையாற்றியபோது, பென்சிலினுக்கு அடங்காத நோய்க்கிருமிகளால் வீரர்கள் சாவதைக் கண்ணாரக் கண்டவர். சயக்கிருமியோடு பழகுவது ஆபத்து என்பதால் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் நிலக்கீழ் அறை. அங்கேயே வேலை செய்து, பல இரவுகள் அங்கேயே உறங்கி, அவ்வாண்டு ஒக்ரோபரில் மண்வாழ் நுண்ணுயிரொன்றைப் பிரித்தெடுத்தார். ஸ்ரெப்ரோமைசின் பிறந்தது. சயரோகத்தைக் குணமாக்கிய முதல் மருந்து அதுவே.

1944இல் வெளிவந்த முதற் கட்டுரையில் முதற்பெயர் ஷாட்ஸ். அடுத்தது எலிசபெத் பியூகி என்ற மாணவி. மூன்றாவது பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். காலம் செல்லச் செல்ல இந்த வரிசை தலைகீழாயிற்று. உரிமைப்பத்திரத்தில் அம்மாணவியின் பெயரே இல்லை. பல்கலைக்கழகம் சார்ந்த நிறுவனத்துக்குத் தம் உரிமையை ஷாட்ஸ் ஒரு டொலருக்குக் கையளித்தார். மருந்து மலிவாகக் கிடைக்கட்டும் என்பதே அவர் எண்ணம். பேராசிரியருக்கோ தனி ஒப்பந்தத்தின்படி வருவாயில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. இதை அறிந்த மாணவர் 1950இல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு முடிவதற்குள், அவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்பது உடன்பாட்டின் மூலம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் 1952இல் நோபல் பரிசு பேராசிரியர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. றட்கர்ஸ் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரை அழைத்துப் பதக்கம் சூட்டியது 1994இலேதான். கண்டுபிடிப்புக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்.

வாக்ஸ்மன் பேரறிஞர் என்பதை நாம் மறுக்கவில்லை. மண்வாழ் நுண்ணுயிர்களில் மருந்து தேடும் வழியையே வகுத்தவர் அவர். வழிகாட்டியவருக்கு உரிய புகழ் வழிகாட்டியவருக்கு. ஆனால், வழிகாட்டியவர் மட்டுமே நடந்தார் என்று சொல்வது வரலாறாகாது. உழைத்தவன் ஒருவன், உரிமை பெறுபவன் மற்றொருவன் என்ற நியதியை வயலிலும் ஆலையிலும் கண்டு வெகுளும் எம் முற்போக்காளர்கள், ஆய்வுகூடத்துக்குள் அதே நியதி வெண்ணிற மேலங்கி அணிந்து நிற்கும்போது ஏன் வாய்திறப்பதில்லை?

*

இனி, மாணவர் ஆராய்ச்சி மக்களிடம் மீண்டு சென்ற கதை ஒன்று. அது கட்டிடக்கலையைச் சேர்ந்தது.

பங்களாதேசத்தின் வடக்கே, தினாஜ்பூர் மாவட்டத்தில், ருத்ரபூர் என்றொரு கிராமம். அன்னா ஹேரிங்கர் என்ற ஜேர்மன் பெண் தம் இளமையில் அந்நாட்டுக் கிராமங்களிலே தொண்டராக ஓராண்டு கழித்தவர். பின்னர் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரிற் கட்டிடக்கலை கற்று, 2004இற் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ருத்ரபூருக்கு ஒரு பாடசாலை. ஆய்வேடு அலுமாரிக்குப் போகவில்லை, கிராமத்துக்குப் போயிற்று. 2005இல், உள்ளூர்க் கைவினைஞரும் கூலியாட்களும் சேர்ந்து, மிதித்துக் குழைத்த மண்ணும் வைக்கோலுங் கொண்டு தடித்த சுவரெழுப்பி, அதன்மேல் மூங்கிலால் மாடி அமைத்தார்கள். சில மாதங்களிற் பாடசாலை எழுந்தது. 2007இல் அதற்கு ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது. பின்னர் தாக்காவின் பிராக் பல்கலைக்கழக மாணவரும் லின்ஸ் மாணவரும் அதே கிராமத்திற் குடும்பங்களுக்கு வீடுகள் அமைக்கக் கைகோத்தார்கள்.

விருதைவிட எமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. மண் வீடு வறுமையின் சின்னம் என்று நாணிய மக்களுக்கு, தம் காலடி மண்ணும் தம் கைத்திறனும் இழிவானவையல்ல என்று அக்கட்டிடம் காட்டிற்று. செலவழித்த பணம் தொலைதூரச் சீமெந்துக் கம்பனிக்குச் செல்லாமற் கிராமத்துக் கைகளிலே கூலியாகத் தங்கிற்று. ஒரு மாணவியின் 'பயிற்சி' இதைச் செய்தது.

*

மருந்தையும் மனையையும் ஏன் ஒன்றாகப் பேசுகின்றோம் என்று சிலர் கேட்கக்கூடும். நோயாளி அவ்விரண்டையும் ஒன்றாகவே அனுபவிக்கின்றான் என்பதே எம் விடை.

மலைநாட்டு லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வழக்கிலே சொல்லப்படும் காம்பரா. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகொட்டிய சுவர். காற்றுப் புக மறுபக்கமே இல்லை. அதற்குள் மூன்று தலைமுறை, விறகடுப்பின் புகை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் துரைமார் கட்டிய இவ்வமைப்பு, கொடிகள் மாறிய பின்னரும் மாறாமல், இன்றும் பெருந்தொகையான குடும்பங்களுக்கு வீடாக இருக்கின்றது. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் சயக்கிருமி பரவ வழிசெய்யும் என்பதும், விறகுப் புகை நுரையீரலை நலிவிக்கும் என்பதும் பாடநூற் செய்திகள். அப்படியானால் இருமும் தாய்க்கு வேண்டியது மாத்திரையா, யன்னலா?

இங்கே கற்றறிந்தோர் ஒரு மறுப்பைக் கொண்டுவருவர். அது வலிய மறுப்பு, மறைத்தல் நேர்மையன்று. சென்னையில் 1956இல் தொடங்கி, 1959இல் முடிவு வெளியிடப்பட்ட புகழ்பெற்ற ஆய்வொன்று உண்டு. சயரோகிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும், மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடி மிகுந்த வீடுகளிலேயே விட்டும், இரு பகுதியினருக்கும் ஐசோனியாசிட் அடங்கிய ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தோர், வறிய உணவு உண்டும், மற்றவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். அவர்களால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் காணப்படவில்லை. "பார்த்தீர்களா, மருந்து போதும், வீடு பொருட்டன்று" என்பர் மறுப்போர்.

அவ்வாய்வு காட்டியது மகத்தான உண்மை. ஏழைக்கு மருத்துவமனைக் கட்டில் இல்லையென்பதற்காக மருந்தை மறுக்க முடியாது என்பதை அது நிறுவிற்று. ஆனால் அது விடையிறுத்த வினா, நோயுற்றவனை எங்கே வைத்துக் குணமாக்கலாம் என்பது. நோய் ஏன் லயத்தையும் சேரியையும் தேடி வருகின்றது என்ற வினாவை அது எழுப்பவில்லை. இங்கிலாந்திலே சயரோகச் சாவுகள் ஸ்ரெப்ரோமைசின் வருமுன்னரே பல பத்தாண்டுகளாகக் குறைந்து வந்தன. உணவு காரணமா, வீடு காரணமா, சுகாதாரச் சட்டங்கள் காரணமா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். எது காரணமாயினும், அது புட்டியில் அடைத்த மருந்தன்று, வாழ்நிலை. மருந்து நோயாளியை எழுப்பும். எழுந்தவன் மறுபடியும் அதே இருட்டறையிலே படுக்கவேண்டுமா என்பதற்கு மருந்திடம் விடையில்லை. ஆகவேதான் கிருமியை ஆராயும் மாணவனும் யன்னலை வரையும் மாணவனும் ஒரே லயத்தின் வாசலிற் சந்திக்க வேண்டும் என்கின்றோம். ஒரே நாட்டில், ஒரே மக்களின் செலவில் படிக்கும் இவ்விருவரும் ஒருவர் ஆய்வை மற்றவர் கண்டதுமில்லை என்றால், பிராக் நகரத்துச் சுவர் எம் வளாகங்களிலும் நிற்கின்றது என்பதே பொருள்.

அடுத்த மறுப்பு மொழி பற்றியது. "உயிர்மருத்துவத்தையும் கட்டிடக்கலையையும் தமிழிலே சொல்ல இயலுமா?" என்று எம்மை நோக்கி ஏளனப் புன்னகை பூப்போர் பலர். அவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணமே விடை. சமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் இங்கு வந்தார். சமயம் பரப்ப வந்தவர். அது வேறு விடயம். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் மாணாக்கருக்கு மேனாட்டு மருத்துவத்தைப் படிப்பித்தார். 1864 முதல் தமிழிலேயே படிப்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' எனத் தமிழ் நூல்கள் வந்தன. இம்மொழிபெயர்ப்புப் பணியில் அவருடைய மாணாக்கரும் தோள் கொடுத்தனர். மாட்டுவண்டிக் காலத்து மாணாக்கர் செய்ததை, இன்று உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்றுவிட்டுப் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கராற் செய்யமுடியாது என்பது என்ன நியாயம்?

ஆங்கிலத்தை விலக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. உலக அறிவோடு உறவாட அது வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் யாருடைய வீட்டை அளந்தீர்களோ, யாருடைய இரத்தத்தைச் சோதித்தீர்களோ, அவர்களுடைய மொழியிலும் எழுதுங்கள் என்கின்றோம். இரத்தம் கொடுக்கும்போது தாயின் தமிழ் விளங்குகின்றது. முடிவு சொல்லும்போது மட்டும் விளங்காமற் போகின்றதா?

இது யாசகமன்று, கடன். இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. நாம் எல்லோரும் அதன் பிள்ளைகள். அக்கல்வியைத் தாங்கிய நாட்டு வருவாயில் தேயிலையின் பங்கு என்ன என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் அத்தேயிலையைக் கொய்தவர்களின் பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதாவது, கொழுந்து கொய்த கைகள் மற்றவர் பிள்ளைகளின் பட்டங்களுக்கு முதலில் விலை கொடுத்தன. தம் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை காத்திருந்தன. அந்தக் கைகளுக்கு ஓர் ஆய்வேட்டின் பயனையேனும் திருப்பிக் கொடுக்க மறுப்பது கல்வியாகாது.

*

ஆதலால் நாம் கேட்பவை அரியவையல்ல. பெரும் பணம் வேண்டுபவையுமல்ல.

ஒவ்வொரு மாணவ ஆய்வேட்டோடும், அதன் சாரத்தைச் சொல்லும் பத்துப் பக்கம் தமிழிலோ சிங்களத்திலோ எழுதப்படவேண்டும். அதுவும் மதிப்பெண்ணுக்கு உரியதாதல் வேண்டும். ஆய்வு நடந்த ஊரில், அவ்வூர் மக்கள் முன்னிலையில், மாணவனே தன் முடிவுகளை எடுத்துரைக்க வேண்டும். பேராசிரியர் கேட்கும் வினாக்களைவிட அங்கு எழும் வினாக்கள் கடினமானவையாக இருக்கும். மாணவன் வரைந்த படமோ கண்ட முடிவோ எங்கே காட்டப்பட்டாலும் அவன் பெயரோடு காட்டப்பட வேண்டும். மருத்துவ பீடத்து மாணவரும் கட்டிடக்கலை மாணவரும் ஒரே கிராமத்தை, ஒரே லயத்தை, ஒரே சேரியைச் சேர்ந்து ஆராய இடமளிக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் தானாக இவற்றைச் செய்யும் என்று நாம் நம்பியிருக்கவில்லை. ஆசிரியர்களாகிய எமக்கும் இதிற் பங்குண்டு. பட்டம் பெற்று வரும் எம் பழைய மாணவரிடம், "என்ன வேலை கிடைத்தது?" என்று கேட்கும் நாம், "என்ன ஆராய்ந்தாய்? அதை எமக்குத் தமிழிற் சொல்" என்று என்றாவது கேட்டிருக்கின்றோமா? எமது பாடசாலை மண்டபங்களில் பரிசளிப்பு விழாவுக்கு மந்திரியைத் தேடும் நாம், அவ்விடத்தில் ஓர் ஆய்வு மாணவியை ஏற்றியிருக்கின்றோமா? மாணவத் தோழர்களே, நீங்களும் உங்கள் உழைப்பைப் 'பயிற்சி' என்று பிறர் அழைக்க விடாதீர்கள். அச்சொல்லை நீங்கள் ஏற்கும்வரை அலுமாரியின் பூட்டு திறவாது.

எம் மாணவியின் கதை அன்றோடு முடியவில்லை. மறு வாரம் அவள் மீண்டும் வந்தாள். நாமிருவரும் ஒரு நாள் முழுதும் மேசையில் அந்நூலைப் பரப்பி, பக்கம் பக்கமாகத் தமிழாக்கினோம். கலைச்சொல் தெரியாத இடங்களில் அவள் தாய் வழங்கும் சொல்லையே வைத்தோம். பெரும்பாலும் அதுவே பொருத்தமாக இருந்தது. பதினொரு பக்கம் ஆயிற்று. கோயில் வாசலில் தோட்டத்தார் கூடியிருந்த ஒரு மாலையில் அவள் அதை வாசித்தாள். வாசித்து முடிந்ததும் முதலில் எழுந்தவள் அவள் தாய். "அடுப்பை அந்தப் பக்கம் வச்சா பொக எங்கிட்டுப் போகும்னு நீ எழுதலியே?" என்று கேட்டாள்.

மூன்று தேர்வாளரும் கேட்காத கேள்வி அது. மாணவி விடை சொல்லவில்லை. பென்சிலை எடுத்துப் படத்தைத் திருத்தத் தொடங்கினாள்.